இருபது கட்டிலுக்கு ஒரு பூட்டு

1

போன வியாழக்கிழமை, கனடாவில் நான் வேலை செய்கிற முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மாகாண மந்திரி ஒருவர் வந்தார். எங்கோ எரிகிற காட்டுத்தீயின் புகை ஊருக்குள் இறங்கி, பகல் பதினோரு மணிக்கே வெயில் செம்மண் நிறத்தில் இருந்தது. அதனால் கூட்டத்தைப் புல்வெளியில் வைக்காமல் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். சக்கர நாற்காலிகளை இரண்டு வரிசையாகத் தள்ளி நிறுத்தினோம். சலவைப் பிரிவில் இருக்கிற எங்களையும் துவைத்த சீருடையோடு பின்னால் நிற்கச் சொன்னார்கள். இல்லத்தில் இன்னும் நாற்பது படுக்கை சேர்க்கப் போகிறார்களாம். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற குடிநோய், போதைநோய் சிகிச்சைப் பிரிவையும் பெரிதாக்கப் போகிறார்களாம். அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று மந்திரி அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிக்கொண்டிருக்கும்போதே கோபம் வந்தது. அந்த மந்திரி எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. ஆனால் மறுநாள் ஆடி வெள்ளி. போன வருஷம் ஆடி வெள்ளியன்றுதான் என் தம்பி ஏழுமலைக்கு, குடியை விடுவதற்காக, எங்கள் வேடியப்பன் கோவிலில் கயிறு கட்டினார்கள். கட்ட வைத்தது நான். அதற்குப் பின்னால் நடந்ததில் வந்த கோபம் ஒரு வருஷம் ஆகியும் ஆறவில்லை.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லாமல் கையை மட்டும் தூக்குவேன். அதனால் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

2

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சிற்றூர் எங்களுடையது. அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தேன். சந்தவாசலில் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அங்கிருந்து, தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தேன். அந்த அம்மா காலமான பிறகு இந்த இல்லத்தின் சலவைப் பிரிவில் சேர்ந்தேன். வீட்டுக்காரரும் மகள் பிரியாவும் பின்னால் வந்தார்கள். அவர் ரொட்டித் தொழிற்சாலையில் இருக்கிறார். பிரியாவுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும்; பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

சலவைக்காரிக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். சிகிச்சைப் பிரிவில் ஒருவர் சேர்ந்து எத்தனை நாள் ஆகிறது என்பதை அவர் படுத்த விரிப்பைப் பார்த்தே என்னால் சொல்ல முடியும். முதல் நாள் விரிப்பு வியர்வையில் நனைந்து வரும். இரண்டாம் நாள் அதே விரிப்பு மூன்று தடவை மாறும். மூன்றாம் நாள்தான் மோசம். வாந்தி இருக்கும், சிறுநீர் இருக்கும், சில சமயம் விரிப்பு கிழிந்தே வரும். ஐந்தாம் நாளுக்கு மேல் வருவது சாதாரண அழுக்கு. அதைப் பார்த்ததும், 'அப்பாடா, இந்த ஆள் தேறிவிட்டான்' என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே மரிசெல் என்று ஒரு நர்ஸ். பிலிப்பைன்ஸ்காரி. நான் சேர்ந்த புதிதில் அவளிடம் கேட்டேன்: "குடியை விடத்தானே வருகிறார்கள், அப்புறம் ஏன் இத்தனை மாத்திரை?"

அவள் சொன்னாள்: "விடுவதற்கு இல்லை. விடும்போது சாகாமல் இருப்பதற்கு. நாள் முழுக்கக் குடிக்கிறவன் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வலிப்பு வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். அதனால்தான் மாத்திரை கொடுத்து, அளவைக் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறோம்."

எனக்கு நன்றாகவே புரிந்தது. வருஷக்கணக்காக அந்த விரிப்புகளைத் துவைத்து மடித்தவள் நான். இதை இப்போதே எழுதி வைக்கிறேன். பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது, 'பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்' என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

3

கயிறு கட்டுவது எங்கள் பக்கம் தெரிந்த வழக்கம். குடியை விட நினைக்கிறவன் தலை முழுகிவிட்டுக் கோவிலுக்குப் போவான். எத்தனை நாள் என்று சாமி முன்னால் சத்தியம் செய்வான். பூசாரி மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிடுவார். முடிச்சு விழுந்த நிமிஷத்திலிருந்து ஒரு சொட்டு தொடக் கூடாது. கெடு முடிந்து பூசாரியே அவிழ்த்தால்தான் உண்டு. நடுவில் குடித்தால் குடும்பத்துக்கு ஆகாது. குடிக்கக் கொடுத்தவருக்கும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்ற பேச்சே அதில் கிடையாது.

இதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. சந்தைக்குப் போகும்போது மட்டும் குடிக்கிறவன், சம்பள நாளில் மட்டும் குடிக்கிறவன் என்று எத்தனையோ பேரை இந்தக் கயிறு நிறுத்தியிருக்கிறது. என் பெரியப்பாவையே நிறுத்தியது.

ஏழுமலை அப்படி இல்லை. எழுந்ததும் குடித்தால்தான் அவனால் பல் விளக்க முடியும். ஒரு நாள் ஆலங்காயம் சந்தைக்கு அவன் பெண்டாட்டி அலமேலு புளி கொண்டுபோனாள். கூடப் போன ஏழுமலை மூட்டை இறக்கிய இடத்திலேயே விழுந்து கிடந்தான். அவளும் இன்னொரு பெண்ணும் அவனை மூட்டை மாதிரியே தூக்கி வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அவள் போனில் அழுத அழுகை எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் தம்பியைப் பிடித்தேன்.

"இன்னாக்கா, போன்லயே அடிச்சிடுவ போலக்கீது" என்றான். குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் அவனுக்குக் கிண்டல் வரும்.

"சிரிக்காதடா. ஆடி வெள்ளிக்கு நீ கயிறு கட்டணும்."

"ஐஸ் பொட்டில குந்திகினு நீ சொல்லுவ. இங்க கட்டிக்கினு கெடக்கறவன் நானு."

"கட்டலன்னா அக்கான்னு இனிமே போன் பண்ணாத."

பிறகு, "சரி, கட்டிக்கிறேன். எத்தினி நாளு?" என்றான்.

"தொண்ணூறு."

"ஏக்கா, புள்ள பெத்துக்கவே பத்து மாசம் குடுக்கறாங்க. எனக்கு மட்டும் அவசரமா? மொதல்ல ஒரு வாரத்துக்குக் கட்டிக்கிறேனே."

"தொண்ணூறு" என்றேன்.

சலவை அறையின் கதவுக்குள் எனக்குத் தெரிந்திருந்த எதுவும் அந்தப் போனில் எனக்கு நினைவு வரவில்லை. இதைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். அங்கே கற்றது எல்லாம் இங்கிலீஷில், சீருடை போட்ட ஒருத்திக்குத் தெரிந்த விஷயம். தம்பியோடு பேசினது மலையில் பிறந்த அக்கா. இரண்டு பேரும் ஒருத்திதான் என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

கயிறு கட்டின மறுநாள், வேலையில் டீ குடிக்கிற நேரத்தில், என் தம்பி குடியை விட்டுவிட்டான் என்று வாயைத் திறந்து சொன்னேன். நான் பேசுவதே அபூர்வம் என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். யாரோ சமையலறையிலிருந்து கேக் கொண்டுவந்தார்கள். மரிசெல் அன்று விடுப்பு. அவள் இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பாள்.

4

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரில் காலை ஏழு மணி, எங்களுக்கு முதல் நாள் சாயங்காலம். அலமேலு கூப்பிட்டாள்.

"அண்ணி, உங்க தம்பி ஒரு மாதிரியா கீறாரு. ராவெல்லாம் தூங்கல. இல்லாத எறும்ப போர்வைல பொறுக்கிகினே கீறாரு. பத்து வருசத்துக்கு முன்னாடி செத்த நாயக் கூப்புடறாரு. சாமி வந்துடுச்சின்னு சொல்றாங்க."

அந்த நிமிஷம்தான் கிழிந்த விரிப்பு என் கண் முன்னால் வந்தது. பக்கத்தில் இருந்த பிரியா போனில் தேடிப் படித்துவிட்டு, "அம்மா, இது சாமி இல்லை. மாமா செத்துப் போகலாம்" என்றாள். தமிழில் சொன்னாள்.

எங்கே அனுப்புவது? எனக்கு உடனே ஞாபகம் வந்தது அடிவாரத்தில் புதிதாகக் கட்டிய மறுவாழ்வு மையம். இருபது கட்டில், தனிக் குளியலறை, வெளியே பூந்தொட்டி. மந்திரி காணொலியில் திறந்துவைத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஏழுமலையே அதை எனக்கு அனுப்பி, "பாருக்கா, எனக்கு ஓட்டல் கட்டிட்டாங்க" என்று எழுதியிருந்தான். அங்கே போகச் சொன்னது நான்தான். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு ஜீப்பில் அவனை ஏற்றினார்கள். வளைவுகளில் போன் விட்டு விட்டுக் கேட்டது. கேட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததும் அலமேலு வீடியோவில் கூப்பிட்டாள். பெயர்ப்பலகை பளபளவென்று இருந்தது. கேட்டில் பூட்டு. ஒரு காவலாளி, கழுத்தில் துண்டு, ஐம்பது வயது இருக்கும்.

"டாக்டரக் கூப்புடுங்கண்ணா, சீக்கிரம்" என்றாள் அலமேலு.

"டாக்டரா? போஸ்டிங்கே போடலம்மா. நான் ஒருத்தன்தான் கீறேன்."

"உள்ள கட்டில் கீதுல்ல? அதுலயாச்சும் படுக்க வெக்கறேன்."

"கட்டில் கீது. மெத்தைக்கு போட்ட பிளாஸ்டிக் கவரே இன்னும் பிரிக்கல. சாவி ஆபீஸ்ல கீது. நான் வெளிய காவல்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு அது எந்தக் கிழமையும் திறக்கவில்லை என்று அந்த மனிதரே சொன்னார்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீப்புக்குள் ஏழுமலைக்கு வலிப்பு வந்தது. அலமேலுவின் கையிலிருந்து போன் விழுந்தது. எனக்கு வானமும் ஒரு புளியமரக் கிளையும் மட்டும் தெரிந்தன. "ஒருக்களிச்சிப் படுக்க வை! வாய்ல எதும் வைக்காத!" என்று கத்தினேன். என் குரலை அவ்வளவு சத்தமாக நானே கேட்டதில்லை.

வலிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் கண் விழித்தான். உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். ஆனால் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் போக வேண்டும். போகிற வழியில் அடுத்த வலிப்பு வந்தால் அவன் உயிர் போய்விடும் என்று எனக்குப் பயம். அப்போது, நான் ஜென்மத்தில் சொல்வேன் என்று நினைக்காத வார்த்தையைச் சொன்னேன்.

"அலமேலு, அவனுக்குக் கொஞ்சம் சரக்கு வேணும்."

"இன்னா அண்ணி சொல்றீங்க? கயிறு கட்டிக்கீறாரு!"

"தெரியும். குடு. கொஞ்சம் கொஞ்சமா, உக்கார வெச்சி."

காவலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். "கடை பன்னண்டு மணிக்குத்தாம்மா தொறப்பாங்க" என்றார். அப்போது மணி ஒன்பதரை. பிறகு அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். கால் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். பாதி இருந்தது.

"நேத்து மீந்தது. வெளிய சொல்லிடாதம்மா, வேலை பூடும்."

அலமேலு ஒரு நிமிஷம் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு புருஷனின் கையைத் தூக்கி, மணிக்கட்டில் இருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினாள். பாட்டிலைத் திறந்தாள்.

அரசாங்கம் கட்டிய மறுவாழ்வு மையத்தில் அன்றைக்கு இருந்த ஒரே மருந்து அந்தக் காவலாளி குடித்து மீந்த பிராந்திதான். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஏழுமலையை நாலு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். அனுப்பும்போது கொடுத்த சீட்டை அலமேலு படம் எடுத்து அனுப்பினாள். கடைசி வரியில், மேல் சிகிச்சைக்கு இன்ன மறுவாழ்வு மையத்தை அணுகவும் என்று எழுதியிருந்தது. எந்த மையம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

5

அவன் வீடு திரும்பிய வாரத்திலேயே ஊர் கூடியது. அவனுக்காக இல்லை. கயிற்றைக் கடித்துத் துப்பியவளுக்காக. ஆடிப் பொங்கல் வைக்க அலமேலுவைச் சேர்க்கக் கூடாது, கோவிலுக்கு ஆடு கொடுத்து எல்லார் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பேச்சு. பூசாரி எங்களுக்கு மாமா முறை. கெட்டவர் இல்லை, பயந்தவர்.

அலமேலு போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆடு குடுக்கறேன் மாமா. மன்னிப்பு கேக்க மாட்டேன்" என்றாள். "தாலி கீது பாருங்க கழுத்துல. அந்தக் கயிறு இருந்திருந்தா இந்தக் கயிறு இருந்திருக்காது."

"ஏம்மா, சாமி காரியத்துல வாயாடாத" என்றார் பூசாரி மாமா.

"வாயால கடிச்சதுக்குத்தான கூட்டம்? அப்ப வாயாலதான் பேசணும்."

யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். இனிமேலும் நான் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "மாமா, நான் பேசறேன்" என்றேன். அங்கே எத்தனை பேர் இருந்தார்களோ தெரியாது. என் வீட்டுச் சமையலறையில் நான் ஒருத்திதான் நின்றேன்.

"கயிறு கட்டச் சொன்னது நான். நாள் முழுக்கக் குடிக்கறவன் ஒரேடியா நிறுத்துனா உசுரு போவும்னு எனக்குத் தெரியும். இங்க அந்த வேலை நடக்கற எடத்துலதான் நான் துணி தொவைக்கிறேன். தெரிஞ்சும் சொன்னேன். விழுந்து கும்புடணும்னா நான் வந்து விழறேன். அவள விடுங்க."

பூசாரி மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இத்தினி வருசமா நான் கட்டுன கயிறெல்லாம் தப்பா? நானா ஆள சாவடிக்கிறேன்?"

"இல்ல மாமா. எப்பவாச்சும் குடிக்கறவனுக்குக் கட்டுங்க. காலைல எழுந்ததும் கை நடுங்கறவனுக்குக் கட்டாதீங்க. நீட்டச் சொல்லிப் பாத்துட்டுக் கட்டுங்க."

ஆட்டோடு விட்டார்கள். அந்த வருஷம் அலமேலு பொங்கல் வைக்கவில்லை. அவளாகவே வைக்கவில்லை.

இப்போது பூசாரி மாமா கயிறு கட்டுவதற்கு முன்னால் கையை நீட்டச் சொல்கிறாராம். நடுங்கினால், "டாக்டர் கிட்ட போய்ட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறார். படிக்காத ஒரு பூசாரி ஒரே கூட்டத்தில் திருந்திவிட்டார். அவர் திருப்பி அனுப்புகிற ஆள் எங்கே போவான் என்பதற்குத்தான் பதில் இல்லை.

6

மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதினேன். இணையத்தில் எழுதலாம் என்று பிரியா சொன்னாள். படிவத்தில் 'கிராமம்' என்ற இடத்தில் எங்கள் ஊர் பெயரே இல்லை. பக்கத்து ஊரைப் போட்டோம். கட்டடம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஒரு டாக்டரையும் இரண்டு நர்ஸையும் போடுங்கள் என்பதுதான் மனு. மூன்று வரி.

சில வாரம் கழித்து ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "மனுதாரர் நீங்கதானா? நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"நான் கனடாவுல இருக்கேங்க."

"கனடாவுல இருந்துகிட்டு இங்க எதுக்கும்மா மறுவாழ்வு மையம்?"

போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது: மையம் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டுத் திறந்துவைக்கப்பட்டுள்ளதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.

பிரியா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் அவர்களைப் பொறுத்தவரை மாமா குணமாகிவிட்டார்" என்றாள். பிறகு அவள் சொன்னதுதான் என்னைக் குத்தியது: "நீ இங்கே முன்பின் தெரியாதவர்களின் விரிப்பைத் துவைக்கிறாய். அத்தை அங்கே மாமாவின் விரிப்பைத் துவைக்கிறாள். உனக்கு மட்டும் ஏன் சம்பளம்?"

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கேயும் படுக்கைக்குப் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போதே செத்தவர்களின் படம் எங்கள் சிகிச்சைப் பிரிவின் நடைவழியில் மாட்டியிருக்கிறது. குடிகாரர்களுக்குக் கட்டடம் எங்கள் தெருவில் வேண்டாம் என்று பலகை பிடித்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்வேன். அந்தப் பிரிவைத் திறந்தபோது, ரிப்பன் வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே விரிப்புகள் எங்களிடம் துவைக்க வந்துவிட்டன. ஆள் படுத்து எழுந்த விரிப்புகள். நோயாளி முதலில் வந்தான், மந்திரி பிறகு வந்தார்.

எங்கள் ஊரில் மந்திரியின் படம் வந்துவிட்டது. மெத்தைக்கு இன்னும் காற்றுப் படவில்லை. சாராயம் விற்பதும் அரசாங்கம்தான். அந்தக் கடைக்கு ஆள் போடவில்லை, சாவி வேறு இடத்தில் இருக்கிறது என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மலைக்கு மேலே வண்டி ஏறாத மழையிலும் சரக்கு ஏறிவிடுகிறது. விற்பவனுக்குத் தெரிந்த வழி வைத்தியனுக்குத் தெரியாமல் போகுமா? இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே கைதானே.

7

தீபாவளிக்கு ஏழுமலை மறுபடி ஆரம்பித்தான். சிகிச்சை கிடைக்காதவன் ஆரம்பிப்பான். அது அவன் குணக்கேடு இல்லை என்று எழுதுவதற்கு எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

தை பிறந்ததும் அலமேலு அவனை மாவட்டத் தலைநகருக்கு இட்டுக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் இருக்கிறார், நல்லவிதமாகவே பார்த்தார். மாத்திரை பதினைந்து நாளைக்கு. மறுபடி வாங்க அதே இரண்டு பஸ். மூன்றாம் தடவை போனபோது மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். திரும்பும் வழியில் கலசப்பாக்கத்தில் பஸ் மாற இறங்கினவன் காணாமல் போனான். எங்கே போனான் என்று அலமேலு தேடவே இல்லை. நேராகக் கடைக்குப் போய்க் கூட்டிவந்தாள்.

இந்த ஆனி மாதம் அவளே சொன்னாள்: "அண்ணி, உங்க ஊர்ல கொஞ்சம் கொஞ்சமா எறக்குவாங்கன்னு சொன்னீங்கல்ல. நானே எறக்கறேன். எப்பிடின்னு மட்டும் சொல்லுங்க."

மரிசெல்லைக் கேட்டேன். வீட்டில் அப்படிச் செய்யவே கூடாது, பக்கத்தில் டாக்டர் வேண்டும், தான் சொல்லிக் கொடுத்தால் தன் வேலை போகும் என்றாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நடுக்கம் இருந்தால் குறைக்காதே. அவ்வளவுதான் சொல்வேன்" என்று போய்விட்டாள்.

அந்த ஒரு வரிதான் எங்கள் ஆஸ்பத்திரி. அலமேலு பாட்டிலைத் தானே வாங்கி, சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். பெண்பிள்ளை அந்தக் கடை வரிசையில் நிற்பதைப் பார்த்து ஊர் பேசுகிறது. பேசட்டும் என்கிறாள். பிள்ளைகளின் காய்ச்சல் மருந்துப் பாட்டில் மூடியால் அளந்து, நேரம் பார்த்துக் கொடுக்கிறாள். ஒரு வேளைக்குப் பதினாறு மூடியில் ஆரம்பித்தாள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு மூடி குறையும். ஒருமுறை வியர்த்துக் கொட்டியது, மறுபடி ஏற்றினோம். ஒருமுறை அவன் பானையைக் கண்டுபிடித்துவிட்டான், மறுபடி முதலிலிருந்து.

நாலாம் வகுப்பு படித்த ஒருத்தியும், துணி துவைக்கிற ஒருத்தியும், இடையில் ஒரு போனும். எங்கள் மலைக்கு அரசாங்கம் செய்திருக்கிற சிகிச்சை ஏற்பாடு இதுதான். இவன் செத்தால் எங்கள் மேல்தான் குற்றம் வரும். பூட்டின் மேல் வராது.

நேற்று சாயங்காலம், ஊரில் காலை, அலமேலு கூப்பிட்டாள். அஞ்சு மூடியில் நிற்கிறது. இவ்வளவு கீழே இதுவரை வந்ததில்லை.

"நல்லா தூங்குனாரு. கஞ்சி குடிச்சாரு. இன்னிக்கி நாலு பண்ணட்டுமா அண்ணி?"

"கையை நீட்டச் சொல்லு, பாக்கறேன்."

போனைத் திருப்பினாள். ஏழுமலை இளைத்துப் போயிருந்தான். இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினான். "இன்னாக்கா, ரேகை பாக்கறியா? ஆயுசு எத்தினின்னு பாத்துச் சொல்லு" என்றான்.

நான் கையையே பார்த்தேன். விரல் அசையவில்லை. நகத்தில் மண் இருந்தது, வேலைக்குப் போயிருக்கிறான். எவ்வளவு நேரம் பார்த்தும் விரல் துளிகூட அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் பின்னால் இருந்த கோழியைக் கவனித்தேன். அதுவும் தூக்கிய காலோடு அப்படியே நின்றது. டவர் போய்ப் படம் நின்றுவிட்டிருந்தது.

குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. "சொல்லுங்க அண்ணி. ஊத்தணும், நேரமாயிடிச்சி. நாலா, அஞ்சா?"

"அவன் கை ஆடுதா? நீ சொல்லு."

"எனக்கு ஆடாத மாதிரிதான் தெரியிது. ஆனா எனக்கு இன்னா தெரியும் அண்ணி?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்.

"அஞ்சு" என்றேன். "இன்னிக்கும் அஞ்சே ஊத்து."